வழிப்போக்கனின் உரிமை

 



ஜகாத் பெறத் தகுதியுடையோர் எட்டு வகையினர் என்று திருமறையின் 9-ஆவது அத்தியாயத்தில் இறைவன் வகுத்திருக்கின்றான். ஏழைகள், வறியவர்கள், கடன்பட்டோர் என்று வரிசையாகச் சொல்லி வந்து, கடைசியில் ஒருவனைக் குறிப்பிடுகின்றான். அவன்தான் 'இப்னுஸ் ஸபீல்', அதாவது வழிப்போக்கன். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'பாதையின் மகன்' என்று பொருள். மதரஸாவில் ஓதிய சின்ன வயதில் எட்டுப் பேரையும் விரல் மடக்கி ஒப்பித்தோம். ஏழையையும் கடனாளியையும் கடை வாசலில் தினமும் காண்கிறோம். இந்த எட்டாமவன் யார் என்பது மட்டும் நமக்கு நாற்பது வயதைத் தாண்டியும் விளங்கவில்லை. சைக்கிள் ஏறிப் புறப்பட்ட பிறகே விளங்கிற்று. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

சென்ற ஏப்ரல் மாதம் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த மூவர் ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா பாருவுக்குச் சைக்கிளில் போனோம். கிழக்குக் கரையோரமாகச் செல்லும் மூன்றாம் எண் கூட்டரசுச் சாலை. ஏறக்குறைய 700 கிலோ மீட்டர். கோத்தா திங்கி, மெர்சிங், ரொம்பின், பெக்கான், குவாந்தான், டுங்குன், கோலத் திரங்கானு என்று பத்து நாள் பிரயாணம். ஹோட்டலில் தங்குவதில்லை, இருட்டும் இடத்தில் கூடாரம் அடிப்பது என்று ஏற்பாடு. "வேனை வைத்துக்கொண்டு இந்த வயதில் இது என்ன விளையாட்டு?" என்று கடைத்தெருவில் கேலி செய்தவர்கள் உண்டு. நம் தகப்பனார் ரொட்டிப் பெட்டியைச் சைக்கிளின் பின்னே கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாக விற்றவர். அப்படி மிதித்த கால்கள்தாம் நமக்குக் கடை வைத்துக் கொடுத்தன. அந்தப் பாட்டை ஒரு பத்து நாளாவது அறிய வேண்டும் என்பதே நம் ஆசை.

மூவர் சேர்ந்து பிரயாணம் போனால் ஒருவரை அமீராக்கிக் கொள்ள வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி. எங்களில் மூத்தவர் ஓய்வு பெற்ற தையல்காரர். இளையவர் நம் கடையிலேயே சம்பளத்துக்கு இருக்கும் தம்பி. சைக்கிள் சங்கதி அறிந்தவர் அவர் ஒருவர்தாம் என்பதால் அவரையே அமீராக்கினோம். கல்லாவில் உட்கார்ந்து ஏவிப் பழகிய நமக்கு, "முதலாளி, தண்ணீர் குடியுங்கள், இப்போது இறங்கி நடங்கள்" என்று அவர் சொல்ல, அதற்குக் கட்டுப்படுவது முதல் நாளில் மேட்டு ரோடு ஏறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. மூன்றாம் நாள் பழகிவிட்டது. நம் கடையில் அவருக்கு அவ்வளவு புத்தி இருப்பதை நாம் ஒரு நாளும் கவனித்ததில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது.

ஆளுக்குப் பதினைந்து கிலோ சுமை. கூடாரம், பாய், தார்ப்பாய், சின்ன அடுப்பு, அரிசி, உப்பு, காற்றடிக்கும் பம்பு, மாற்று டியூப் இவ்வளவுதான். சுபுஹு தொழுதவுடன் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் நாற்பது கிலோ மீட்டர் போய்விட வேண்டும். நடுப்பகலில் ஏதாவது ஒரு சூராவில் இளைப்பாறி, அசருக்குப் பிறகு மீண்டும் ஏற வேண்டும். நவம்பர் தொடங்கி மார்ச் வரை அந்தக் கரையில் பருவமழைக் காலமாகையால் அப்போது போகலாகாது.

சகோதரர்களே! வெளியில் படுப்பதற்கும் நம் மார்க்கம் ஒழுங்கு கற்றுக் கொடுத்திருப்பதை அப்போதுதான் அனுபவத்தில் கண்டோம். இரவில் பாதையின் மேலேயே இறங்கித் தங்காதீர்கள், அது பிராணிகள் நடமாடும் வழி என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். கோத்தா திங்கியைத் தாண்டினால் யானை கடக்கும் இடம் என்று சாலையோரத்தில் பலகை நட்டிருக்கிறது. அதைக் கண்டதும் அந்த எச்சரிக்கையின் அர்த்தம் நெஞ்சில் தைத்தது. செம்பனைத் தோட்டத்து நிழல் கண்ணுக்குக் குளுமைதான். ஆனால் எலியைத் தேடிப் பாம்பு வரும் இடம் அது. பழுத்த குலை தலையில் விழுந்தால் பிழைப்பது அரிது. தென்னை மரத்தடியும் அப்படியே. ஓடைக் கரையும் ஆகாது. மலையில் பெய்த மழை இரவில் வந்து சேரும். கடலோரத்துச் சவுக்கு மரத்தடிதான் உத்தமம். அதுவும் பக்கத்துக் கம்பத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே இறங்க வேண்டும்.

பாதையிலும், மக்கள் ஒதுங்கும் நிழலிலும், தண்ணீர்த் துறையிலும் அசுத்தம் செய்வது சாபத்தைத் தேடுவதாகும் என்பதும், தூங்குமுன் நெருப்பை அணைத்துவிட வேண்டும் என்பதும் நபிமொழிகளின் கருத்து. திரங்கானுக் கரையில் கடலாமைகள் இரவில் மணலேறி முட்டையிடுகின்றன. வெளிச்சம் கண்டால் மிரண்டு திரும்பிவிடும். ரந்தாவ் அபாங்கில் 1950-களில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வந்த பேராமைகள் இன்று அநேகமாக வருவதே இல்லை. விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் படுத்தபோது, வாயில்லாப் பிராணிக்கும் நம்மீது ஒரு ஹக்கு இருக்கிறது என்று உணர்ந்தோம்.

தொழுகையில் அல்லாஹ் கொடுத்திருக்கும் சலுகைதான் எவ்வளவு! நான்கு ரக்அத் முசாபிருக்கு இரண்டாகிறது. கடல் தண்ணீரில் உளூச் செய்யலாமா என்று மூத்தவர் தயங்கினார். கப்பல் பிரயாணிகள் இதே கேள்வியைக் கேட்டபோது, கடல் நீர் சுத்தமானது என்று நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்ததை நினைவூட்டினோம். கிழக்குக் கரையில் கடலுக்கு முதுகு காட்டி, சற்றே வடக்கே திரும்பினால் கிப்லா. மணல்தான் முஸல்லா. நம் வீட்டு மெத்தையில் வராத தூக்கம் அந்த மணலில் வந்தது.

ஆனால் நாம் சொல்ல வந்த விஷயம் நான்காம் நாள் நடந்தது.

எண்டாவ் ஆற்றைக் கடந்து பகாங் மாநிலத்தில் நுழைந்த மாலை, வானம் இருண்டு கொட்டத் தொடங்கிற்று. காற்றில் கூடாரம் நிற்காது. ஒரு சிற்றூரில் கடையடைத்துக் கொண்டிருந்த ஒருவரிடம், "இந்த அஞ்சடியில் இன்றிரவு மட்டும் படுத்துக்கொள்கிறோம்" என்று கேட்டோம். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். நனைந்த சட்டை, சேறு படிந்த கால், மூட்டை முடிச்சு. "இங்கே சாமான்கள் இருக்கின்றன. வேறு இடம் பாருங்கள்" என்று சொல்லிக் கதவை இழுத்துவிட்டார்.

அவர்மீது நமக்குக் கோபம் வரவில்லை. கால்தான் நடுங்கிற்று. ஏனென்றால் அந்த வார்த்தை நம்முடைய வார்த்தை. இரண்டு வருஷத்துக்கு முன் டிசம்பர் மழையில், சைக்கிளில் வந்த ஒரு வெளிநாட்டு வாலிபன் நம் கடை வாசலில் நின்று, அரைகுறை மலாயில் இதையே கேட்டான். நாமும் சாமானைக் காட்டி இதையே சொன்னோம். மறுநாள் சுபுஹுக்குப் போகும்போது பஸ் நிற்கும் கொட்டகையில் அவன் ஈரப் பாயைச் சுருட்டிக் கொண்டிருந்தான். நம்மைக் கண்டதும் கையை உயர்த்திச் சிரித்தான். நாம் காணாதவர்போல் நடந்து போய்ப் பள்ளியில் முதல் ஸஃப்பில் நின்றோம்.

அன்று மழையில் இன்னும் ஆறு கிலோ மீட்டர் மிதித்தோம். ஒரு சூராவின் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றபோது, டார்ச் விளக்குடன் ஒரு மலாய்ப் பெரியவர் வந்தார். யார், எவர், எந்த ஊர் என்று ஒன்றும் விசாரிக்கவில்லை. "வீடு சிறியதுதான், கூரை ஒழுகாது, வாருங்கள்" என்று அழைத்துப் போனார். உலர்ந்த சாரம் கொடுத்தார். அவித்த மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்த் துருவலும் சுடச்சுடத் தேநீரும் வந்தன. காலையில் நாம் நூறு வெள்ளியை நீட்டினோம், கையால் தள்ளிவிட்டார். "முசாபிரின் துஆ தட்டப்படாது என்பார்கள். என் மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். இரண்டு பெருநாளாக வீடு வரவில்லை. அவனுக்காகக் கேளுங்கள்" என்றார். அவர் வாசலிலேயே நின்று மூவரும் கையேந்தினோம். மூத்தவர் கண் கலங்கிவிட்டார். ஊரார் பிள்ளைக்குக் கதவு திறந்தவர், தம் பிள்ளைக்கும் எங்காவது ஒரு கதவு திறக்கும் என்ற நம்பிக்கையில்தான் திறந்திருக்கிறார்.

சகோதரர்களே! மூஸா நபி (அலை) அவர்களும் கிள்று (அலை) அவர்களும் ஓர் ஊருக்குப் போய் உணவு கேட்க, ஊரார் விருந்தளிக்க மறுத்த வரலாறு திருமறையின் 18-ஆவது அத்தியாயத்தில் இருக்கிறது. அந்த ஊரின் பெயரை அல்லாஹ் சொல்லவில்லை. எந்த ஊரும் அந்த ஊராகிவிடலாம் என்பதனாலோ என்னவோ! இப்ராஹீம் நபி (அலை) அவர்களோ, இன்னாரென்று அறியாத விருந்தாளிகள் வந்தவுடன் பொரித்த கன்றுக் குட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். வந்தவன் எந்த ஜாதி, எந்த மதம் என்று கேட்டுவிட்டு அடுப்பு மூட்டவில்லை. ஜகாத்தின் சட்டம் வேறு. அதை ஆலிம்களிடம் கேட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு பாய் விரிக்க இடம் கொடுப்பதற்குச் சட்டம் கேட்க வேண்டியதில்லை.

நம் முன்னோர் யார்? நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறி, பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இறங்கி, யாரோ ஒருவருடைய கடை மாடியில் பாய் போட்டவர்கள்தாமே! அன்று அந்தக் கடைக்காரர் "சாமான் இருக்கிறது" என்று சொல்லியிருந்தால் நாம் இங்கே ஏது?

ஆகவே ஒரு வேண்டுகோள். நம் சங்கக் கட்டடத்தின் பின்னறை உடைந்த நாற்காலிகளால் நிறைந்து கிடக்கிறது. அதைக் காலி செய்து வழிப்போக்கருக்கென்று ஒதுக்குவோம். நான்கு பாய், ஒரு மின்விசிறி, குழாய்த் தண்ணீர் போதும். திருட்டுக்கும் வம்புக்கும் அஞ்சுகிறவர்களின் பயம் நியாயமானதே. வருகிறவரின் அடையாளக் கார்டையோ பாஸ்போர்ட்டையோ பார்த்து ஏட்டில் பதியலாம். சாவியைப் பிலால் அவர்களிடம் கொடுக்கலாம். மூன்று இரவுக்கு மேல் இல்லை என்று வரையறுக்கலாம். பாயும் விசிறியும் நம் கடைப் பொறுப்பு. அறையைச் சுத்தம் செய்ய வருகிற ஞாயிறு அசருக்குப் பின் நாம் துடைப்பத்துடன் அங்கே இருப்போம். வசதியுள்ளவர்கள் வந்து ஒரு கை கொடுங்கள்.

இந்த உலகில் வழிப்போக்கனைப்போல் இரு என்பது நாயகம் (ஸல்) அவர்கள் இப்னு உமர் (ரலி) அவர்களுக்குச் செய்த உபதேசத்தின் கருத்து. நாளை கபுரின் வாசலில் வெறுங்கையுடன் போய் நிற்கப் போகிற வழிப்போக்கர்கள் நாமே.

யா அல்லாஹ்! நாங்கள் திருப்பியனுப்பிய அந்த வாலிபனுக்கு நீ நல்ல தங்குமிடங்களைக் கொடுப்பாயாக! அந்தப் பெரியவரின் மகனை அவர் கண்முன் கொண்டுவந்து சேர்ப்பாயாக! எங்கள் கதவுகளையும் அவற்றுக்கு முன்னால் எங்கள் உள்ளங்களையும் திறந்து வைப்பாயாக! ஆமீன். வஸ்ஸலாம்.