முள் காட்டும் நாற்பது

புத்தளம் வீதியில், முந்தலுக்கும் மதுரங்குளிக்கும் இடையே ஒரு பழைய மொரிஸ் மைனர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மீற்றரின் முள் நாற்பது மைலில் அசையாமல் நிற்கிறது. நாற்பது மைல் என்றால் ஏறக்குறைய 64 கிலோமீற்றர். ஊர் தாண்டிய வீதியில் காருக்குச் சட்டம் விடுகிற எல்லை 70 என்பதால் ஓட்டுபவருக்கு உறுத்தல் எதுவும் இல்லை. ஆனால் அந்தக் காரில் பழைய கியர்பொக்ஸ் இல்லை. அதன் இடத்தில் நிசான் கியர்பொக்ஸ் ஒன்று பூட்டியிருக்கிறது. மீற்றர் மட்டும் பழையது. கார் உண்மையில் 80இல் ஓடிக்கொண்டிருக்கலாம்.

அப்படியானால் அந்த நாற்பது என்பது என்ன? கண்ணால் கண்டதா, ஊகித்ததா, யாரோ சொன்னதை நம்பியதா? கராஜில் கேட்கவேண்டிய கேள்வி போலத் தெரியும். ஆனால் தமிழில் தத்துவம் எழுதியவர்கள் முதலில் தீர்த்துக்கொள்ள முனைந்த கேள்வியும் இதுவே.

கியர்பொக்ஸ் மாற்றுவதில் தவறில்லை. மொரிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. பதினாறு இலட்சத்துக்கும் அதிகமாகச் செய்யப்பட்டது. இலங்கையில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு நிலவிய காலங்களில் புதிய கார் வருவதே அரிது. 2020இல் மறுபடியும் வாகன இறக்குமதி நின்றது. 2025இல்தான் அது படிப்படியாகத் திறந்தது. இருக்கிற காரைக் காப்பாற்றிக்கொள்வதே இங்கு வழி. மைனரின் பழைய பெட்டியில் முதல் கியருக்கு சின்க்ரோ, அதாவது பற்களின் வேகத்தை ஒத்திசைக்கும் அமைப்பு, கிடையாது. தேய்ந்தால் பல் கடிக்கும். ஜப்பான் பெட்டி மெதுவாக விழும், உதிரிப் பாகமும் கிடைக்கும். அதனால் மாற்றுகிறார்கள்.

சிக்கல் கேபிளில் தொடங்குகிறது. கியர்பொக்ஸின் பின்பக்கத்தில் உள்ள சிறு பற்சக்கரம் ஒரு கம்பியைச் சுழற்றுகிறது. அந்தக் கம்பி மீற்றருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தம் எதையும் தொடுவதில்லை. பக்கத்தில் இருக்கும் அலுமினியக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டத்தை எழுப்பி, அதைத் தன்னோடு இழுக்கப் பார்க்கிறது. மெல்லிய சுருள்வில் ஒன்று கிண்ணத்தைத் தடுத்துப் பிடிக்கிறது. இழுப்பும் பிடிப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. ஒட்டோ ஷூல்ட்சே 1902இல் காப்புரிமை பெற்ற முறை இது. முள்ளுக்கு வீதி தெரியாது, டயர் தெரியாது. கம்பி எத்தனை தரம் சுழல்கிறது என்பது ஒன்றே தெரியும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியார், கடவுளைப் பற்றி வாதிடுவதற்கு முன்பே அளவையை, அதாவது அறிவைப் பெறும் வழியைப் பற்றிப் பேசிவிடுகிறது. அளவைகள் பத்து என்று எண்ணுவோரும் உண்டு என்று கூறி, அவை எல்லாவற்றையும் காட்சி, கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்குகிறது. புகையைக் கண்டு நெருப்பை அறிவது கருதல். நெருப்பில்லாமல் புகையில்லை என்ற பிரியாத் தொடர்பு, அதாவது அவிநாபாவம், இருந்தால்தான் அந்த அறிவு நிற்கும்.

மீற்றர் முள்ளைப் பார்ப்பது காட்சி. வேகத்தை அறிவது கருதல். ஓட்டுகிற அவசரத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. 'நாற்பதில் போகிறேன்' என்று கண்ணால் கண்டவர் போலவே சொல்கிறோம். கம்பியின் இத்தனை சுழற்சிக்கு இத்தனை தூரம் என்ற தொடர்பைத் தொழிற்சாலை ஏற்படுத்தி வைத்திருந்தது. கியர்பொக்ஸ் மாறிய அன்றே அது அறுந்துபோயிற்று. முள் அதன்பிறகும் பொய் சொல்லவில்லை. நாம் அதிலிருந்து பெறுகிற முடிவுதான் பொய்.

இதைக் கணக்கில் பிடிக்கலாம். பிரித்தானியக் கார்களின் ஸ்மித்ஸ் மீற்றரில், ஒரு மைலுக்குக் கம்பி எத்தனை தரம் சுழலவேண்டும் என்ற எண் முகப்பிலேயே சிறிதாக அச்சிட்டிருக்கும். அது 1,280 என்று கொள்வோம். மீற்றர்ப் பக்கத்தில் கேபிளைக் கழற்றி, கம்பி நுனியில் ஒரு துண்டு அட்டையைக் குத்தி, பின்சக்கரம் ஆறு சுற்றுச் சுற்றும்வரை காரை நேராகத் தள்ள வேண்டும். அட்டை ஏழு தரம் சுழல்கிறது. சக்கர நடுவிலிருந்து தரைக்கு 11.5 அங்குலம். ஆறு சுற்றையும் ஒரு மைலின் அங்குலங்களையும் சேர்த்துக் கணித்த மாறிலி 1,680. அதை ஏழால் பெருக்கி 11.5ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1,023. மீற்றர் எதிர்பார்ப்பது 1,280. கிடைப்பது அதில் எண்பது சதவீதம். ஐம்பது மைல் வேகம் நாற்பதாகத் தெரிவது இப்படித்தான்.

ஓர் அறிவு உண்மையானது என்று அந்த அறிவே சான்று தருமா, வெளியிலிருந்து சான்று வேண்டுமா? இந்தியத் தத்துவ மரபில் மீமாம்சகர் முன்னதைச் சொன்னார்கள்: மறுக்கும் காரணம் எழாதவரை அறிவு தானே மெய். நையாயிகர் பின்னதைச் சொன்னார்கள்: அறிந்தபடி நடந்து, பலன் பொருந்தினால்தான் அது மெய் என்று தெரியும். தவறான மீற்றரின் முள்ளும் கார் நின்றால் சுழியத்தில் நிற்கிறது, வேகம் கூடினால் ஏறுகிறது, குறைந்தால் இறங்குகிறது. அதைப் பார்த்துக்கொண்டே ஆயிரம் மைல் ஓடினாலும் பிழை தெரியாது. இந்த வழக்கில் நியாயம் நையாயிகர் பக்கம்.

'எனக்குத் தெரியும், மனத்தில் பத்தைக் கூட்டிக்கொள்வேன்' என்று சொல்வோர் உண்டு. காரை மகன் எடுத்துப் போகும் நாளில் அந்தப் பத்து கூடப் போகாது. தலவில் அன்னம்மாள் திருவிழாவுக்கும் முன்னேஸ்வரத் திருவிழாவுக்கும் வீதியோரமாக நடந்து வருகிறவர்களுக்கும் அது தெரியாது. அளவு என்பது இருவருக்கு நடுவே இருப்பது. ஒருவர் மனத்துக்குள் மட்டும் திருத்திவைத்த அளவு மற்றவருக்கு உதவாது.

உப்புத்தளம் என்ற பெயரே புத்தளம் ஆயிற்று என்பார்கள். உப்பும் மீனும் நிறுத்து விற்கிற கரை இது. இங்குள்ள பள்ளிவாசல்களில் ஓதப்படும் குர்ஆனின் 83ஆவது அத்தியாயம், அளவில் குறைப்பவர்கள் என்பதையே பெயராகக் கொண்டது. விவிலியத்தின் நீதிமொழிகள் கள்ளத் தராசைக் கண்டிக்கிறது. வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமை ஆக்கினார். இவை எதுவும் துல்லியத்தை அழகுக்காகக் கேட்கவில்லை. குறையால் இழப்பவர் எதிரே நிற்பவர் என்பதற்காகவே கேட்கின்றன. ஐ.நா.வின் 39ஆம் இலக்க வாகன ஒழுங்குவிதியும் இதே பக்கம் சாய்கிறது. மீற்றர் உண்மை வேகத்தைவிட ஓரளவு கூட்டிக் காட்டலாம். ஒருபோதும் குறைத்துக் காட்டக்கூடாது.

திருத்துவதிலும் இரண்டு வழி உண்டு. மீற்றரின் காந்தத்தையோ சுருள்வில்லையோ சரிப்படுத்தினால் முள் திருந்திவிடும். ஆனால் ஓடிய மைலை எண்ணும் சக்கரங்கள் கம்பியோடு நேரே பல்லால் பிணைந்தவை. அவை பழையபடி நூறு மைலை எண்பதாகவே எழுதிக்கொண்டிருக்கும். ஒயில் மாற்றுகிறவரும் நாளை காரை வாங்குகிறவரும் அந்த எண்ணைத்தான் நம்புவார்கள். கியர்பொக்ஸில் உள்ள சிறு பற்சக்கரத்தை வேறு பல்லெண்ணிக்கை கொண்டதாக மாற்றினாலோ, கேபிளின் இடையே விகிதம் மாற்றும் சிறு பெட்டியைப் பூட்டினாலோ இரண்டும் ஒருங்கே சரியாகும். செலவும் அலைச்சலும் கூடுதல்தான். பிழை புகுந்த இடத்திலேயே அதை எடுக்கும் வழி அது.

பிறகு வெளிச்சான்று. அதற்கு வீதியோரக் கிலோமீற்றர்க் கற்களும் ஒரு கைக்கடிகாரமும் போதும். முள் நாற்பது மைலில் நிற்க, ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 56 விநாடி ஆகவேண்டும். 45 விநாடியில் கடந்தால் கார் 80இல் ஓடுகிறது. ஒரு கல் இடம் தவறி நட்டிருக்கலாம் என்பதால் ஐந்து கற்களுக்கு எண்ணுவது நல்லது. டயர் தேய்ந்தால் சக்கரம் சிறுத்து, கம்பி கொஞ்சம் கூடுதலாகச் சுழலும். புது டயர் போட்ட மறுநாள் பாலாவிப் பக்கம் போகிறபோது, பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் கடிகாரத்தைக் கொடுத்து மறுபடியும் எண்ணச் சொல்லவேண்டும்.