பாலூட்டல் யார் கடமை?

தாய் தன் மகவுக்குப் பாலூட்டுதல் இயற்கையா, கடமையா? இயற்கையெனின் அதனை ஏவ வேண்டியதில்லை. ஏவவும், தவறியவளைப் பழிக்கவும் முற்படுகின்றோமெனின் அதனைக் கடமையாகவே கொள்கின்றோம். அவ்வாறு கொண்டபின், அக்கடமையை ஆற்றும் வாய்ப்பு அவளுக்கு உண்டா என வினவாதிருத்தல் முறையன்று. ஒன்றைச் செய்ய வேண்டும் எனில் அது செய்ய இயல்வதாகவும் இருத்தல் வேண்டும் என்பது ஜேர்மானிய மெய்யியலாளர் கான்ற் வழிவந்த கோட்பாடு. தாய்மையைப் போற்றும் எம் மேடைகள் இதனை எளிதில் மறந்துவிடுகின்றன. அம்மேடைகளில் பேசுவோர் பெரும்பாலும் ஆடவர் என்பதையும் குறித்தல் தகும்.

வத்தளையில் எமக்கு அறிமுகமான வீடொன்று உண்டு. கொட்டாஞ்சேனையிலிருந்து குடிபெயர்ந்த குடும்பம். பேறு முடிந்த பேர்த்திக்கு அம்மம்மா பால்சுறா வறையும் சரக்குக் கறியும் ஆக்கிக் கொடுத்தார். பால் பெருகும் என்பது அவர் நம்பிக்கை. அதே அம்மம்மாதான் பிள்ளை இரவிரவாக அழுதபோது, "பிள்ளை, உனக்குப் பால் காணாதுபோல, மாவைக் கரைச்சுக் குடு" என்றார். அவர் பிள்ளை வளர்த்த காலத்தில் ரின்பால் நாகரிகத்தின் அடையாளம். கொழுத்த குழந்தையின் படம் பேணியிலேயே இருந்தது.

பிள்ளை உறிஞ்ச உறிஞ்சவே பால் சுரக்கும். புட்டி புகுமிடத்து உறிஞ்சுதல் குறையும். அதனால் சுரப்பும் குறையும். எனவே 'காணாது' என்ற அச்சமே பல வேளைகளில் காணாமையை உண்டாக்குகின்றது. மெய்யாகவே பால் போதாத தாய்மாரும் உளர். அவர்களுக்குப் பால்மா ஒரு பழியன்று. ஆயினும் அச்சத்தை விற்றுப் பொருளீட்டியோரும் இருந்தனர். 1939இல் சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவர் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் ஆற்றிய உரை இவ்வணிகத்தையே கண்டித்தது. அதன்பின் நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1981இல், உலக சுகாதாரப் பேரவை தாய்ப்பால் மாற்றுணவுகளை விற்பதற்கான நெறிக்கோவையை 118 வாக்குகளால் ஏற்றது. எதிர்த்த ஒரே நாடு அமெரிக்கா.

வணிகரைக் கட்டுப்படுத்தினோம், வேலைநேரத்தை என் செய்தோம்? முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது 2001 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. எம் நாட்டின் மருத்துவமாதரும் அதனையே வீடுதோறும் கூறுகின்றனர். மகப்பேற்று விடுமுறையோ 84 நாள். ஓய்வு நாட்களைக் கழித்து எண்ணினும் அது ஏறக்குறைய நான்கு மாதமே. அதிலும் ஒரு பகுதி பேற்றுக்கு முன்பே கழிந்துவிடும். அரச ஊழியர் அரைச் சம்பளத்துடன் மேலும் 84 நாள் பெறலாம். தனியார் துறையினர்க்கு அவ்வுரிமை இல்லை. ஆகவே ஒரே அரசு ஒரு வாயால் ஆறு மாதம் என்கின்றது, மறுவாயால் நான்கு என்கின்றது.

நாம் கூறிய வீட்டுப் பெண் கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிலகமொன்றில் பணிபுரிபவள். பிள்ளைக் காப்பகம் இல்லாத தொழிலகத்தில் பாலூட்டுவதற்கென ஒரு மணிநேர இடைவேளை இருமுறை அளித்தல் வேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டமே. ஆயின் நீர்கொழும்பு வீதியில் அவ்வொரு மணிக்குள் வத்தளைக்கு வந்து, பாலூட்டி, மீள்வது எங்ஙனம்? பால் ஒருத்தியின் உடலில் சுரக்கின்றது. அதற்கு வேண்டிய நேரம் அவள் உடலில் சுரப்பதன்று.

இயன்றும் ஊட்டாதவளைப் பற்றி யாது கூறுவது எனச் சிலர் வினவலாம். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஆறு மாதத்துக்குட்பட்ட இலங்கைக் குழந்தைகளுள் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் மட்டுமே பெற்றனர். விருப்பமின்மை எம் தாய்மாரின் பொதுக்குறை அன்று. எஞ்சிய சிலரைப் பழிக்கும் தகுதியும், வேண்டிய நேரத்தை முதலில் அளித்த சமூகத்திற்கே உரியது.

அப்பெண் நண்பகலில் தொழிலகக் கழிவறையில் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு இயந்திரத்துக்குத் திரும்புவாள். ஆறாம் மாதம் மருத்துவமாது வந்து, தாய்ப்பால் மட்டுந்தானா கொடுத்தீர்கள் எனக் கேட்டார். அவள் தலைகுனிந்து, "இல்லை, மிஸ்" என்றாள்.