குற்றவாளி எந்தப் பறவை?

ஒரு குற்றம் நிகழ்ந்தவுடன் அதைச் செய்த கையைத் தேடுகின்றோம். அந்தக் கைக்கு இடங்கொடுத்த நிலைமையை உண்டாக்கியவர் யாரென்று கேட்பது அரிது. மனிதர் விஷயத்தில் நெடுங்காலமாக நடந்துவரும் இவ்வநீதி பறவைகள் விஷயத்திலும் நடப்பதை அவுஸ்திரேலியப் பண்ணை நிலங்களிற் காணலாம்.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேற்குச் சரிவுகளிலே கோதுமை விளைந்து செம்மறிகள் மேயும் பண்ணைகள் பல உள. அத்தகைய பண்ணையொன்றின் முற்றத்தில் விடியற்காலையில் நிற்பவர்க்குக் காட்சி வளமானதாகவே தோன்றும். புல்வெளியிலே கங்காருக்கள் மேயும். கிளியினத்தைச் சேர்ந்த, இளஞ்சிவப்பு மார்புடைய கலாப் பறவைகள் கால்நடைக்கென வெட்டிய குளத்தருகே கூட்டமாக இறங்கும். வேலிக்கம்பத்திலிருந்து மக்பையின் குழலோசை எழும். ஆயினும் உற்றுக் கேட்பவர் பல பண்ணைகளில் ஓர் இன்மையை உணர்வர். புதரிலும் கிளையிலும் பூச்சி பொறுக்கித் திரியும் சின்னஞ்சிறு பறவைகளின் குரல் அங்கே இல்லை. ஒரே பறவையின் ஓயாத கத்தலே கேட்கின்றது.

அதனை ஆங்கிலத்தில் 'நொய்சி மைனர்' என்பர். நாம் இரைச்சல் மைனா எனலாம். பெயரில் மைனாவாயினும் நம் முற்றத்து மைனாவுக்கு அது உறவன்று. தேனுண்ணிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்த மண்ணுக்கே உரியது. தன் எல்லைக்குள் வரும் பறவைகளை, தன்னினும் பெரியனவற்றையுங்கூட, கூடித் தாக்கித் துரத்துவது அதன் இயல்பு. சிறு பறவைகள் அகன்றதும் இலைச் சாற்றை உறிஞ்சும் பூச்சிகள் பெருகி யூக்கலிப்டஸ் மரங்கள் நலிகின்றன. ஒருகாலத்தில் பெருங்கூட்டங்களாகப் பறந்த 'ரீஜன்ட்' தேனுண்ணி இன்று சில நூறாகக் குறைந்துவிட்டது. அதனையும் இப்பறவை விட்டுவைப்பதில்லை. 2014 ஆம் ஆண்டு அவுஸ்திரேலிய அரசு, இரைச்சல் மைனாவின் ஆதிக்கத்தை ஏனைய உயிரினங்களை அச்சுறுத்தும் முக்கிய காரணங்களுள் ஒன்றாகச் சட்டப்படி அறிவித்தது. அதனைச் சுட்டுக் குறைக்கும் முயற்சிகளும் நடந்துள்ளன.

குற்றம் நிரூபணமாயிற்று, தண்டனையும் விதித்தாயிற்று. வழக்கு முடிந்ததா?

பழங்குடி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகள் பேணிய அந்நிலத்தில் இப்பறவை அன்றும் இருந்தது. சிறு பறவைகளும் இருந்தன. கீழ்ப்புதரற்று வெளியை ஒட்டி நிற்கும் மரத்தோப்புகளையே அது நாடும். அடர்ந்த புதருக்குள் அதன் ஆட்சி செல்லாது. அப்படியாயின் இத்தனை வெளியை அதற்கு அமைத்துக் கொடுத்தவர் யார்? பழங்குடிகளின் மண்ணைத் தன்னுடையதெனக் கொண்ட குடியேற்ற அரசு, 1861 ஆம் ஆண்டின் நிலச் சட்டங்கள் மூலம் 40 முதல் 320 ஏக்கர் வரை தெரிந்தெடுக்கக் குடியேறியோர்க்கு இடமளித்தது. நிலத்தில் வசித்து அதனைத் 'திருத்த' வேண்டுமென்பது நிபந்தனை. காடழிப்பும் திருத்தமாகவே எண்ணப்பட்டது. மரத்தைச் சுற்றிப் பட்டையை வளையமாக வெட்டினால் அது நின்றபடியே பட்டுப்போகும். இம்மலிவான முறையால் எண்ணற்ற மரங்கள் மடிந்தன. எஞ்சிய தோப்புகளின் கீழ்ப்புதரைச் செம்மறிகள் மேய்ந்து தீர்த்தன. 1992 இல் மாபோ வழக்கின் தீர்ப்பு, அந்நாடு யாருக்கும் உரியதல்லாத நிலமாயிருந்தது என்ற பழங்கோட்பாட்டைத் தகர்த்தது. ஆனால் தீர்ப்பினாற் புதர் முளைப்பதில்லை.

ஆகவே இரைச்சல் மைனாவைச் சுடவே கூடாதென்பதா? அவ்வாறு சொல்வது எளிது. மரம் வளரும்வரை கடைசித் தேனுண்ணிகள் காத்திருக்க மாட்டா. சில இடங்களில் சுடுவது தவிர்க்கவியலாத கடமையாகலாம். ஆனால் அதனை நீதியென்று அழைக்கலாகாது. சுட்டு வெறுமையாக்கிய தோப்புகளில் அயலிலுள்ள இரைச்சல் மைனாக்கள் மீண்டும் குடியேறியதை ஆய்வாளர் கண்டுள்ளனர். நிலைமை மாறாதபோது ஆள் மாறுகின்றது, ஆதிக்கம் நிலைக்கின்றது. சமுதாய வாழ்வை அறிந்தவர்க்கு இது புதிய பாடமன்று.

இன்றைய பண்ணையாளர் அந்தக் கோடரியைப் பிடித்தவரல்லர். அவருடைய முன்னோரும் ஏழைக் குடியேறியாக இருந்திருக்கலாம். எனினும் உடைமை வழிவழியாக வருமாயின் அதன் கடனும் உடன்வரும். வேலியிட்டு ஆடுகளை விலக்கிப் புதர் வளரவிட்டால் விளைநிலத்தில் ஒரு பகுதியை இழக்க நேரும். அவ்விழப்பை அவர் தலையில் மட்டும் சுமத்துவதும் நீதியன்று; அக்கோதுமையை உண்டவரும் அக்கம்பளியை அணிந்தவரும் பங்குகொள்ள வேண்டியவரே. அந்தக் கணக்கைத் தீர்க்காமல் துப்பாக்கியை மட்டும் எடுப்போர், தம் குற்றத்துக்கு ஒரு பறவையைத் தண்டிக்கின்றனர்.