நாடு கேட்கும் கடன்

தனித்து ஆடிப் பொருளீட்டும் வீராங்கனையை, ‘நாட்டுக்காக ஆடு’ என்றழைக்கும் உரிமை நாட்டுக்கு உண்டா? டென்னிஸ் இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகிறது. மகளிர் நாட்டணிப் போட்டி 1963-இல் இலண்டனில் 16 நாடுகளுடன் தொடங்கியது. ஃபெடரேஷன் கோப்பை எனப்பட்ட அது 2020 முதல் பில்லி ஜீன் கிங்கின் பெயரைத் தாங்குகிறது. ஒற்றையர் ஆட்டத்தில் அவள் தனியே நின்றுதான் ஆடுகிறாள். வெற்றியோ அணியின் கணக்கில் சேர்கிறது.

கோவையின் நிருபமா வைத்தியநாதன் அக்கோப்பையில் இந்தியாவுக்காக ஆடியவர். 1998-இல் ஆஸ்திரேலியப் பொதுப்போட்டியின் முதன்மைச் சுற்றில் வென்றார். தொழில்முறைக் காலத்தில் கிராண்ட் ஸ்லாம் ஒன்றில் அவ்வாறு வென்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே. அது அவர் தமக்கென ஆடிய ஆட்டம். பெருமையில் பங்கு கொள்ள நாடு தயங்கவில்லை.

பேராக் ரப்பர்த் தோட்டங்களை எண்ணினால் வினா வேறு முகங்காட்டுகிறது. துரைமார் பொழுதுபோக்கிய டென்னிஸ் களங்கள் அந்நாளில் இருந்தன. லயத்துப் பெண்ணோ விடியுமுன் பால்மரம் வெட்டப் போனாள். மட்டை அவள் கைக்கு எட்டவில்லை. தாப்பாவில் பிறந்த எம். இராஜாமணி 1964-இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடினார். ஓட்டத்திற்குத் திடலாவது வேண்டும். டென்னிசுக்குக் களம், மட்டை, பயிற்றுநர், ஆண்டெல்லாம் பயணச்செலவு என யாவும் வேண்டும். (பள்ளித் திடலைச் சிறிதென்று இகழ்பவர் இதனை எண்ணிப்பார்க்க.)

ஆகவே, கடனென்று பேசுமுன் கொடுத்தவர் யாரெனக் கேட்பதே முறை. பெற்றோரின் பொருளால் வளர்ந்தவள் அழைப்பை மறுத்தால் அது நன்றி மறத்தலாகாது; பொதுப்பணத்தால் வளர்ந்தவளுக்கு அவ்வுரிமை குறைவு. ஒலிம்பிக்கில் ஆட விரும்புவோர் நாட்டணிப் போட்டிக்கும் வரவேண்டும் எனப் பன்னாட்டுச் சம்மேளனம் நிபந்தனை வைத்திருக்கிறது. அவ்விதி இவ்விருவரையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை.