பூமிக்குப் பீடம் இல்லை

நவக்கிரகச் சன்னதியைச் சுற்றுவோர், உடலே இல்லாத ராகு, கேதுவையும் கும்பிடுகிறார்கள். நிலவின் பாதை சூரியனின் தோற்றப் பாதையை வெட்டும் இரு புள்ளிகள் அவை. ஆனால் பூமிக்கு அங்கே பீடம் கிடையாது. நின்ற இடத்திலிருந்தே வானத்தைக் கணித்தவர்களுக்குக் காலடி ஒரு கிரகமாகத் தெரிய வழியில்லை.

தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவுக்கோ அந்தக் காலடி மண்ணே தெய்வம். பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப முனைந்தவர், 1925 ஜூலை 23இல் அந்த ஊரிலேயே மறைந்தார்.

நவக்கிரகச் சன்னதியில் யுரேனஸுக்கும் பீடம் இல்லை. அது கண்டுபிடிக்கப்பட்டதே 1781இல்தான். 1977 மார்ச் 10இல் அது ஒரு விண்மீனை மறைத்ததை ஜவ்வாது மலைக் காவலூரிலிருந்தும் கவனித்தார்கள். அந்த மறைப்புதான் அதன் வளையங்களைக் காட்டிக்கொடுத்தது.

சன்னதியின் கிரகங்கள் வானியலோடு பொருந்தாததால் பக்தி பொய்யாகுமா? சனீஸ்வரனுக்கு எள் விளக்கு ஏற்றுபவர், அந்த வாயுக் கோளையோ அதன் 270-க்கும் மேற்பட்ட நிலவுகளையோ நினைப்பதில்லை. தன் கஷ்ட காலத்தைச் சொல்லி முறையிடுகிறார். தொலைநோக்கிக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் ஏழரைச் சனி முடிந்ததும் வேலை கிடைக்கும் என்று ஜோசியர் சொன்னால், அது சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்று. பக்தியைக் காட்டி அதற்கு விலக்குக் கேட்க முடியாது.