மனதுக்கு ஆணை போட முடியாது

தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருக்கும் நண்பர்கள் எனக்கு நிறைய பேர். அந்த நாட்களில் அவர்களைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். மற்ற நாளில் சாலையில் ஒரு கார் உரசுவதுபோல் வந்தாலே மோட்டாரை நிறுத்திச் சண்டைக்குப் போகிறவன், விரதம் தொடங்கியதும் "விடுப்பா, போகட்டும்" என்பான். பத்துமலையில் 272 படிகளும் ஏறி இறங்கி வருவான். விரதம் முடிந்த அடுத்த வாரமே பழைய ஆள் திரும்பி விடுவான்.

"பக்தி பத்தலை"ன்னு பெரியவங்க சொல்லுவாங்க. எனக்கு அப்படித் தோன்றவில்லை. விரதம் எப்படி வேலை செய்கிறது என்பதை நாம் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

"கோபப்படாதே" என்று மனதுக்கு ஆணை போட்டுப் பாருங்க, கேட்காது. அதனால்தான் விரதம் உடம்போடு பேசுகிறது. விடியும் முன் எழு, குளி, விளக்கேற்று, சைவமாகச் சாப்பிடு, குடியைத் தொடாதே, பாயில் படு, பேச்சைக் குறை. எல்லாமே கையும் காலும் நாக்கும் செய்யக்கூடிய காரியங்கள். மனம் கொஞ்ச நாளில் பின்னாலேயே வந்து சேர்ந்துகொள்கிறது.

கீதையின் 2ஆம் அத்தியாயத்தில் அர்ஜுனன் கேட்கும் கேள்வியும் இதையே நினைவூட்டுகிறது. நிலைத்த அறிவுடையவன் எப்படிப் பேசுவான், எப்படி உட்காருவான், எப்படி நடப்பான் என்று கேட்கிறான். 6ஆம் அத்தியாயத்தில் கண்ணன் யோகத்தைப் பற்றிச் சொல்லும்போது, உணவிலும் தூக்கத்திலும் அளவு வேண்டும் என்கிறார். அதிகம் தின்பவனுக்கும் யோகம் கிடையாது, ஒன்றுமே தின்னாதவனுக்கும் கிடையாது. இவ்வளவு பெரிய தத்துவம் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் இறங்கி வருகிறது!

நான் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்கிறவன். விரதம் முடிந்த பிறகும் நான் விடாமல் வைத்திருப்பவை நான்கு. தூங்கும் அறைக்குள் கைப்பேசி வராது, அது ஹாலில் சார்ஜ் ஏறும். எழுந்து குளித்து, திருநீறு பூசி, சாமி மேடை முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகுதான் அதைத் தொடுவேன். ஒரு நாளில் ஒரு வேளையாவது தொலைக்காட்சியை அணைத்துவிட்டு அம்மாவோடு சாப்பிடுவேன். புலனத்தில் யாராவது சீண்டினால், ஒரு தூக்கம் போட்டுவிட்டுத்தான் பதில் எழுதுவேன். காலையில் பார்த்தால் பாதிக்குப் பதிலே தேவைப்படாது.

இங்கே ஒரு கேள்வி வரும். எங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஒரு தம்பியே கேட்டான்: "அப்போ, அநியாயம் நடந்தாலும் அமைதியா இருக்கணுமா அண்ணே?" நல்ல கேள்வி. நம் பிள்ளைகளிடம் "பொறுத்துக்கோ, பொறுத்துக்கோ" என்றே சொல்லி வளர்த்திருக்கிறோம். ஆனால் கீதை சொல்லப்பட்டது போர்க்களத்தில். கேட்டு முடித்தவன் காட்டுக்குப் போகவில்லை, நடுங்கிக் கீழே போட்ட வில்லைத் திரும்ப எடுத்தான். மனம் மரத்துப்போவது வேறு, மனம் நிலைப்பது வேறு.

என்னோடு வேலை செய்யும் அக்கா ஒருவருக்கு ஓவர்டைம் சம்பளம் குறைந்து வந்தது. அதே குறைக்காக ஒரு பையன் கத்திவிட்டு அன்றே வேலையை விட்டுப் போனான். அக்கா கத்தவில்லை. தேதி, மணி எல்லாம் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு தொழிலாளர் இலாகாவுக்குப் போனார். பணம் வந்தது. கோபம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அக்காவுக்கு அந்தக் கோபத்தை வேலை வாங்கத் தெரிந்திருந்தது.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. பழக்கங்கள் எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு வருகிறது என்றால், அதற்குப் பக்திக் குறை என்று பேர் வைக்காதீர்கள். அது நோய். காய்ச்சலுக்குப் போவதுபோல் அரசாங்க கிளினிக்குக்குப் போகலாம். கோலாலம்பூரில் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு 1970 முதல் இப்படிப்பட்டவர்களின் குரலைக் கேட்டு வருகிறது. இரவு இரண்டு மணிக்குக்கூட அழைக்கலாம். போலீஸ் பிடிக்கும் என்று பயந்து வாய் திறக்காதவர்களும் உண்டு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டப் பிரிவு 309 மலேசியாவில் 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. இதை உங்கள் நண்பர்களிடமும் சொல்லி வையுங்கள்.

மனதைப் பார்த்துக்கொள்வது சுயநலம் என்று சிலர் நினைக்கிறார்கள். அண்ணன் வீட்டுக்குள் நுழையும்போது தங்கை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிற வீடுகள் நம்மிடையே இருக்கின்றன. அந்தத் தங்கையைக் கேட்டுப் பாருங்கள், ஒருவன் மனம் நிதானமாக இருப்பது யாருக்கெல்லாம் நிம்மதி என்று சொல்லுவாள்.

தம்பி தங்கைகளே, 48 நாள் செய்ததில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலைக் குளியலோ, மாலை விளக்கோ, நிறுத்திய குடியோ, எது உங்களுக்கு முடியுமோ அது. நாளைக்கும் அதைச் செய்யுங்கள்.