ஒரு ராத்திரி அட்மிஷன்

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இடுவதும் பீடி சுற்றுவதும் பெரும்பாலும் பெண்களின் கைவேலை. உளுந்து மாவைப் பிசையவும், உருட்டித் தேய்க்கவும், இலையைச் சுருட்டி மடக்கவும் விரல் மூட்டுகள் சொன்னபடி கேட்க வேண்டும். முடக்குவாதம் பெரும்பாலும் முதலில் பிடிப்பது அந்த மூட்டுகளைத்தான். ஆண்களைவிடப் பெண்களுக்கு அது இரண்டு மூன்று மடங்கு அதிகம். மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மாத்திரைகளுக்கு நோய் அடங்காதபோது, மருத்துவர்கள் உயிரியல் மருந்துகளுக்குப் போகிறார்கள்: ரிட்டுக்ஸிமாப், இன்ஃப்ளிக்ஸிமாப், அடாலிமுமாப். உயிரணுக்களில் வளர்த்தெடுக்கப்படும் இவை மாத்திரையைவிடப் பல மடங்கு விலை கூடியவை.

ரிட்டுக்ஸிமாப் டிரிப் ஏறி முடிய நாலைந்து மணி நேரம் ஆகும். காலை பஸ்ஸில் திருநெல்வேலிக்குப் போனால் இருட்டுவதற்குள் ஊர் திரும்பிவிடலாம். சிக்கல் தொடங்குவது அங்கேதான். தனியார் மருத்துவக் காப்பீடு பொதுவாக 24 மணி நேரமாவது மருத்துவமனையில் தங்கிய சிகிச்சைக்கே பணம் தரும். “இது ஓபி சிகிச்சை” என்று கிளெய்ம் திரும்பி வந்துவிடும் என்ற பயத்தில், நோயாளிக்கு ஒரு யோசனை சொல்லப்படுகிறது: “ஒரு ராத்திரி படுத்துருங்கம்மா, கிளெய்ம் வந்துரும்.”

இப்படிப் படுப்பது தவறா?

தவறில்லை என்பவர்களிடம் நியாயம் உண்டு. ஆண்டு தவறாமல் பிரீமியம் கட்டியிருக்கிறார். நோய் உண்மை, மருந்தும் உண்மை. ஒரு சடங்குக்காக ஒரு ராத்திரி கண் விழிப்பதில் யாருக்கு என்ன நட்டம்?

நட்டம் இருக்கிறது. அறை வாடகையும் நர்ஸ் கட்டணமும் மற்ற பாலிசிதாரர்களின் பணத்திலிருந்து போகின்றன. கட்டில் கிடைக்காமல் வேறொரு நோயாளி காத்திருக்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரியில், தங்கியதற்கு இல்லாத ஒரு காரணத்தை எழுதி மருத்துவர் கையெழுத்துப் போடுகிறார். நோயாளிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் நடப்பிலிருந்த பாலிசியில், பழைய தகவலை மறைத்தார் என்று சொல்லிக் கிளெய்மை மறுக்க முடியாது என்பது 2024 முதல் விதி. அதற்கு ஒரே விலக்கு, நிரூபிக்கப்பட்ட மோசடி. ஒரு ராத்திரிக்காகச் சொன்ன பொய், ஐந்து வருடப் பாதுகாப்பையே அசைத்துவிடலாம்.

இத்தனைக்கும் அந்தப் பொய் பெரும்பாலும் தேவையே இல்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறை, பாலிசிகள் விலக்கி வைக்கக் கூடாத 12 நவீன சிகிச்சைகளைப் பட்டியலிட்டது. ஊசியாகத் தரப்படும் மோனோக்ளோனல் ஆன்டிபாடியும் (மேலே சொன்ன மூன்று உயிரியல் மருந்துகளும் அந்த வகைதான்) கண்ணுக்குள் போடும் ஊசியும் அதில் உண்டு. மருத்துவத் தேவை இருந்தால், உள்நோயாளியாகவோ, அன்றே வீடு திரும்பும் டே கேர் முறையிலோ மருத்துவமனையில் தரும் சிகிச்சைக்குக் காப்பீடு உண்டு என்றது அந்த நெறிமுறை. தொகைக்கு உச்சவரம்பு வைக்கலாம். அடியோடு மறுக்கக் கூடாது. சில நிமிடங்களில் முடியும் ரானிபிசுமாப் கண் ஊசிக்கு, இதே ஓபி காரணம் சொல்லிப் பல கிளெய்ம்கள் முன்பு திருப்பப்பட்டன. காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் வரைக்கும் நுகர்வோர் மன்றம் வரைக்கும் போனவர்கள் இருந்தார்கள்.

காப்பீட்டு நிறுவனத்தின் பக்கமும் பார்க்க வேண்டும். அதன் கையில் இருப்பது ஊரார் பணம். மலிவான மருந்து முதலில் முயலப்பட்டதா, காசநோய்ப் பரிசோதனை செய்யப்பட்டதா என்று அது கேட்பது முறைதான். ரிட்டுக்ஸிமாபின் இந்திய நிகர்மருந்து 2007-லும், அடாலிமுமாபின் நிகர்மருந்து 2014 டிசம்பரிலும் சந்தைக்கு வந்து விலையைக் குறைத்தன. அவற்றைப் பயன்படுத்தலாமே என்ற கேள்வியிலும் தப்பில்லை. ஆனால் கேள்வி கேட்பது வேறு, ஃபைலைத் திறக்காமலே மறுப்பது வேறு. அப்பீல் போட மாட்டார்கள் என்ற கணக்கில் அனுப்பப்படும் மறுப்புக் கடிதம், அதில் சொன்ன காரணம் வாதத்துக்கு நின்றாலும், அநீதிதான்.

அந்தக் கணக்கு எவ்வளவு பலிக்கிறது என்பதற்கு அமெரிக்காவின் எண்கள் சாட்சி. அங்கே அரசுச் சந்தை வழி விற்ற பாலிசிகளில், 2023-ல் நெட்வொர்க்குக்குள் பெற்ற சிகிச்சைக்கான கிளெய்ம்களில் 19 சதவீதம் மறுக்கப்பட்டன. அவற்றில் அப்பீலுக்குப் போனவை ஒரு சதவீதத்துக்கும் குறைவு. போனவற்றில் 56 சதவீதத்தில்தான் நிறுவனங்கள் மறுப்பில் உறுதியாக நின்றன. இந்தியாவில் 2023-24-ல் வந்த மருத்துவக் கிளெய்ம்கள் சுமார் 1.17 லட்சம் கோடி ரூபாய். கொடுத்தது சுமார் 83,000 கோடி. மறுத்தது, கழித்தது, நிலுவையில் நின்றது எல்லாம் மீதிக்குள் அடக்கம்.

ஆகவே நேர்மையான வழி அப்பீல்தான். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலுக்கு இடமில்லை, 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்கலாம். காணொலியிலும் விசாரணை நடக்கும் என்பதால், கல்லிடைக்குறிச்சியிலிருந்து ரயிலேறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. தீர்ப்பை 30 நாளில் நிறைவேற்றாத நிறுவனம், நாளொன்றுக்கு 5,000 ரூபாய் புகார்தாரருக்குத் தர வேண்டும். திருநெல்வேலி நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. அங்கே இரண்டாண்டுக்குள் வழக்குப் போடலாம்.

வழி இருக்கிறது என்பதாலேயே அது சுலபம் என்று ஆகிவிடாது. விரல் மடங்காத ஒருவர், ஆங்கிலத்தில் வந்த கடிதத்தைப் படிக்க ஆள் தேடி, நகல் எடுத்து, ஷரத்தைக் கண்டுபிடித்து எழுத வேண்டியிருக்கிறது. ஒரு ராத்திரி படுப்பது அதைவிட லேசு. நேர்மையைப் பொய்யைவிடக் கடினமாக்கி வைத்தவர்கள்தான் இந்தப் பொய்க்கு முதல் பொறுப்பு. நோயாளியின் பங்கு அதில் மிகச் சிறியது. மருத்துவமனையின் பங்கு அப்படிச் சிறியதல்ல. தேவையில்லாத அட்மிஷனுக்குக் காரணம் எழுத நேரம் இருக்கிறது என்றால், என்ன நோய், எந்த மாத்திரை எத்தனை மாதம் கொடுத்தும் பலிக்கவில்லை, ஏன் இந்த மருந்து, ஏன் டே கேர் போதும் என்று அரைப் பக்கம் எழுதவும் நேரம் இருக்க வேண்டும். பல அப்பீல்களைத் தூக்கி நிறுத்துவது அந்த அரைப் பக்கம்தான். மருந்துச் சீட்டு எழுதுவதைப் போலவே அதுவும் சிகிச்சையின் பகுதி.

அப்பீலும் எட்டாத இடம் ஒன்று உண்டு. அடாலிமுமாப் ஊசியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நோயாளியே வீட்டில் போட்டுக்கொள்ளலாம். கட்டில் வேண்டாம், பஸ் வேண்டாம், ஒரு நாள் கூலி போக வேண்டாம். ஆனால் 2019 நெறிமுறை மருத்துவமனைக்குள் தரும் சிகிச்சையைத்தான் பேசுகிறது. ஓபி செலவுக்குத் தனியாக இடம் தராத பாலிசியில், வீட்டில் போட்ட ஊசிக்கு நோயாளி எவ்வளவு நேர்மையாக வாதாடினாலும் தோற்கவே வாய்ப்பு அதிகம். நோயாளிக்கும் நிறுவனத்துக்கும் செலவைக் குறைக்கும் முறை பட்டியலுக்கு வெளியே நிற்கிறது. அதை உள்ளே கொண்டுவரும் அதிகாரம் ஐதராபாத்தில் இருக்கும் ஆணையத்திடம் இருக்கிறது. பட்டியல் வந்து ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.